நகல் கேட்க யாரும் வரவில்லை

…கேஸ் போட்ட வருஷம் வேண்டாம், முடிஞ்ச வருஷம் சொல்லுங்க என்றால் நான் எங்கே போவேன், போட்ட வருஷம் எனக்கு நன்றாகத் தெரியும், நான் இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, ஆனால் முடிந்த வருஷம்… எந்த வீட்டில் அதைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள்? கோர்ட்டுப் பதிவறைக்காரம்மா கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழைய கேஸெல்லாம் முடிஞ்ச வருஷப்படிதாம்மா அடுக்கியிருக்கு, அது தெரியாம தேடினா நானும் நீங்களும் இங்கயே கிழவியாயிடுவோம் என்கிறாள். நான் ஏற்கெனவே பாதி கிழவிதான் தாயே, மிச்சப் பாதிக்கும் பயமில்லை, தேடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் என்றேன் சத்தமாக. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வந்து, அந்த மஞ்சள் மாத்திரை கொடுங்க என்று கேட்பவர்களை நான் பார்ப்பேனே, அதே பார்வை. பிறகு என்ன நினைத்தாளோ, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சித்தப்பா கோர்ட்டில் என்ன பொய் சொன்னார்? அம்மா இத்தனை வருஷமாகச் சொல்கிறாளே, கூசாம பொய் சொல்லி நிலத்தை உங்கப்பா கையில இருந்து பிடுங்கிட்டான், அதையும் நம்பி ஒரு ஜட்ஜு தீர்ப்பு எழுதினான் என்று, அந்தப் பொய்யை எழுத்தில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் சித்தப்பாவைப் பார்க்கப் போகமாட்டேன், நிம்மதியாகக் கடையைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். முந்தாநாள் சித்தப்பா மகள் கூப்பிட்டாள், வாலு, இந்த வயதிலும் எனக்கு அவள் வாலுதான், எவ்வளவு காலம் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை, எடுத்தவுடனே அழுகை. அப்பா உன்னைப் பார்க்கணும்னு சொல்றாருடி, டாக்டர் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டாரு, வர்றியா? நான் பதில் சொல்வதற்குள் அம்மா அறைக்குள்ளிருந்தே மோப்பம் பிடித்துவிட்டாள். அவன் வாசப்படியை மிதிச்சா என் முகத்துல முழிக்காதே. அவ்வளவுதான், திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் காது மந்தம் என்று யார் சொன்னது, வேண்டாததெல்லாம் கணீரென்று கேட்கிறது.

இந்தத் தாழ்வாரம் அப்படியேதான் இருக்கிறது… பெஞ்சுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூட லீவு நாளில் வாய்தா வந்தால் அப்பா என்னையும் கூட்டிவருவார், சித்தப்பாவும் வாலுவைக் கூட்டிவருவார், அப்படி ஒரு சந்தோஷம் எங்களுக்கு. எங்கள் வீட்டுச் சுவருக்கும் சித்தப்பா வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், அதில் ஒரு எலுமிச்சை மரம், அதற்குத்தான் கேஸ், அது யாருக்கு என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டதில் நானும் வாலுவும் முகம் பார்க்கக் கூடாது என்று சட்டம். ஆனால் இங்கே வந்தால்? இங்கே அம்மாவும் இல்லை சித்தியும் இல்லை! அப்பாவும் சித்தப்பாவும் இதே பெஞ்சில்தான், பேப்பரை நடுவில் பிரித்து முன்பக்கம் அப்பா, விளையாட்டுப் பக்கம் சித்தப்பா, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, உலக விஷயம் முழுக்க அலசுவார்கள், கேஸைத் தவிர. சேவகர் வந்து அப்பா பெயரை நீட்டி முழக்கி மூன்று தடவை கூப்பிடுவார், பிறகு சித்தப்பா பெயரை, இரண்டு பேரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போவார்கள், போன வேகத்தில் திரும்புவார்கள், அடுத்த மாசமாம் என்று. அடுத்த மாசம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் குதிப்போம். ஊருக்குத் திரும்பும்போது ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்டு, ஆனால் சித்தப்பாவும் வாலுவும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவார்கள், வெயிலோ மழையோ மிச்ச தூரம் நடை, ஒன்றாக வந்தது வீட்டுக்குத் தெரியக் கூடாதே. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார், பஸ் திரும்பும்வரை. அவ்வளவு ஒட்டுதலாக இருந்த மனுஷன் கடைசியில் கூண்டில் ஏறிப் பொய் சொன்னாரா? அதுதான் ஆறவில்லை, அன்னியன் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

இந்தாங்க, ஏழாம் வகுப்பு என்றாள் பதிவறைக்காரம்மா, என் கணக்கையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு தும்மல். கேஸ் கட்டை மேஜைமேல் வைத்து அவிழ்த்தாள், தூசி கிளம்பி இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். மெல்லிசாக இருக்கிறதே, இவ்வளவுதானா? சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு…? அதெல்லாம் எங்க நடந்திச்சு, பாருங்க, வாய்தா, வாய்தா, வாய்தா, அட இதைப் பாருங்களேன், வழக்கமா ஒருத்தர் கேப்பாங்க, மத்தவங்க முடியாதும்பாங்க, இங்க ரெண்டு தரப்பும் சேர்ந்தே கேட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவையும், என்ன கேஸும்மா இது, பிக்னிக் வந்தாங்களா? எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன், பிக்னிக்தான், வேறென்ன. முதலில் வைத்த வக்கீல்களையும் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், அப்பா சொல்வாரே, வக்கீல் இருந்தால் கேஸ் சீக்கிரம் முடிஞ்சிடும் என்று, அதை நான் ஏதோ பெரியவர்கள் ஜோக் என்றல்லவா நினைத்திருந்தேன்… கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். புது நீதிபதி, கையெழுத்தே கண்டிப்பாக இருந்தது. இனி வாய்தா கிடையாது, அடுத்த தேதியில் விசாரித்து முடிக்கப்படும். அதற்குக் கீழே அடுத்த தேதி. மூன்று முறை அழைக்கப்பட்டது. வாதி ஆஜரில்லை. பிரதிவாதியும் ஆஜரில்லை. வழக்கு தள்ளுபடி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் காகிதம்.

இல்லையே, தப்பாக இருக்கும், அன்றைக்கு அப்பா போனாரே. எனக்கு ஞாபகம் இருக்கிறது, பள்ளிக்கூட நாள், நான் போகவில்லை, அப்பா கோர்ட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வழக்கமான பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் விடியும்போதே கிளம்பினார். சாயங்காலம் வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார், தோத்துட்டோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள்… முடி வெட்டியிருந்தார். தோத்துட்டு வர்ற மனுஷன் வழியில கிராப்பு வெட்டிட்டா வருவான், வெக்கமா இல்ல? அப்பா பின்கழுத்தைத் தடவிக்கொண்டு, நேரம் இருந்துச்சு என்றார். நேரம் இருந்ததாம்! கோர்ட்டில் நாள் முழுக்க நின்றவருக்கு ஏது நேரம்? அதை நான் ஏன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, அம்மா ஏன் யோசிக்கவில்லை, கோபத்தில் இருந்தோம், கோபத்துக்குக் கண் தெரியுமா என்ன. அப்பா போகவே இல்லை. தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று, இவர் வராவிட்டால் கேஸ் தானாக அவன் பக்கம் போய்விடும் என்று, அதை அம்மாவிடம் சொன்னால் வீடு இரண்டாகும் என்று, போய் எங்கேயோ ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். சரி, அப்பா அப்படி. சித்தப்பா?

அந்த எலுமிச்சை… ஐயோ, அந்த எலுமிச்சை! அதற்கப்புறம் ஒரு பழத்தைக்கூட யாரும் தொடவில்லை, கீழே விழுந்து அழுகி வாசல்வரை நாறும், அம்மா சொல்வாள், பாரு திமிரை, ஜெயிச்சும் பறிக்கமாட்டான், நம்ம கண்ணு முன்னால அழுகவிடணும் அவனுக்கு. நானும் நம்பினேன், அந்தத் திமிரை நினைத்து நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் சித்தி என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, இதையே சொல்லியிருப்பாளோ, வார்த்தை மாறாமல்? அப்பா மட்டும் அந்த ஜன்னல் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார், காற்று நன்றாக வருகிறது என்பார், அங்கே எங்கே காற்று, எதிரே சுவர். ஜெயித்தவன் ஒரு வார்த்தை சொல்ல வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தாரா? நாலு எட்டு வைத்தால் அந்த வீடு. வாலு வீட்டார் ஊரை விட்டுப் போன அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், லாரி போன பிறகும் எழுந்திருக்கவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றார். எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் இந்தத் தூசிக்கு நடுவே, ஒரு தடவை, அந்தப் பின்கழுத்தை மட்டுமாவது.

நகல் வேணுமா என்றாள் பதிவறைக்காரம்மா. வேண்டும். அவள் நீட்டிய மனுவில் வழக்கு எண்ணை எழுதினேன். அவள் கட்டின் பின்னட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கேஸுக்கு நகல் கேட்டு இதுவரை ஒருத்தரும் வரலம்மா, நீங்கதான் முதல் ஆளு, தோத்தவங்களாவது கேப்பாங்களே என்றாள். இரண்டு பேருமே தோற்றதாக நினைத்தால் யார் கேட்பார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்ததாக நினைப்பவன் எதற்குப் படி ஏறுவான்… நாளைக்கு மறுநாள் வாங்கிக்குங்க என்று முத்திரை குத்தினாள். நாளைக்கு மறுநாள்வரை சித்தப்பா இருப்பாரா?

தாழ்வாரத்துக்கு வந்து வாலுவைக் கூப்பிட்டேன். வர்றியா இல்லையாடி, அதை மட்டும் சொல்லு என்றாள். அவரிடம் கொடு என்றேன். ஏதோ உரசியது, மூச்சுச் சத்தம், பிறகு சித்தப்பாவின் குரல், நூலாகத் தேய்ந்திருந்தது, ஆனால் அவருடையதுதான். அண்ணன் பொண்ணா? ஆமா சித்தப்பா. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா, யார்கிட்டயும் சொல்லல… அன்னைக்கு நான் கோர்ட்டுக்குப் போகல, அண்ணனே வச்சுக்கட்டும்னுதான் விட்டேன்… ஜெயிச்சதுல அவருக்குச் சந்தோஷம்தானே? உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?

நேர்ல வந்து சொல்றேன் சித்தப்பா, இப்பவே கிளம்புறேன் என்றேன். அவர் மெல்லச் சிரித்தார், உங்கப்பன் மாதிரியே வாய்தா கேக்குறியே என்றார், சிரிப்பு இருமலாகி, வாலு போனைப் பிடுங்கி, என்னடி சொன்ன, அப்பா சிரிக்கிறாருடி, சிரிச்சு எத்தனை நாளாச்சு என்று அவளும் அழுதாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அம்மாவிடம் கிளம்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் கத்துவாள், கத்தட்டும். ஆனால் அவரிடம் என்ன சொல்வேன்? ரொம்ப சந்தோஷம் என்று சொன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார், ஆனால் அப்பா, தம்பி கொடுத்ததை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போன அண்ணனாகவே நின்றுவிடுவார். அவரும் போகவில்லை சித்தப்பா என்று சொன்னால்… இத்தனை வருஷமும் ஒன்றுமில்லாததற்கு என்று ஆகிவிடுமே, அதைத் தாங்குவாரா, அல்லது அதுதான் அவருக்கு வேண்டியதோ? அப்பா கோபமாக இருந்தார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருந்தாரா? சித்தப்பாவை அப்பா திட்டியது ஒன்றாவது, ஒரே ஒரு வார்த்தையாவது ஞாபகம் வருகிறதா என்று தேடினேன், வந்ததெல்லாம் அம்மா சொன்னது, அதற்குப் பிறகு நான் சொன்னது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, ஊர் எல்லை தாண்டிய பிறகும் தேடிக்கொண்டிருந்தேன்.