மாம்புரியில் ஒரு கரண்ட் இல்லாத வீடு

கரண்ட் இல்லாத ஓர் இரவின் விலை ஆலங்குடாவில் பதினெட்டாயிரம் ரூபா. காலைப் பாணும் சம்பலும் தனி. கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் ஃபஸ்லானின் தென்னங்கிடுகுக் குடிலில் லாம்பு வெளிச்சத்தில் நுளம்புக்கடி வாங்கிவிட்டு, அந்தக் காசை டொலரில் வைத்து, போகும்போது அவன் கையைப் பிடித்து நன்றியும் சொல்லிப் போகிறார்கள். இதே இருட்டை, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நூஹுவும் அவர் மனைவி மர்ளியாவும் இதே ஆலங்குடாவில், அகதி முகாமில், பதினொரு வருஷம் இலவசமாக அனுபவித்தவர்கள். கூப்பனுக்கு அரிசியும் பருப்பும் மேலதிகம்.

இதை நினைத்து நூஹு அடிக்கடி சிரிப்பார். சிரித்துவிட்டு, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்து ஜெசிக்காவின் வீடியோவைப் போடுவார்.

ஜெசிக்கா எங்கோ ஒரு பனிமலைக் காட்டில், தாடி வைத்த புருஷனோடும் நாலு பிள்ளைகளோடும் இருக்கிறாள். மரவீடு, விறகடுப்பு, ஓடைத் தண்ணீர். கரண்ட் கம்பி அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. போன வருஷம் கருவாட்டுக் கடையை மருமகன் ரிஷாத்தின் கையில் கொடுத்துவிட்டு, பகல் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் நூஹு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, மகள் றுஷ்னாதான் இதைப் போட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து ஒன்றும் தவறவில்லை. பனி கொட்டும் ஒரு மாலையில் அந்தக் குடும்பம் ஒற்றை விளக்கைச் சுற்றி இருந்து கதைத்துக்கொண்டே இருக்கும் வீடியோவை மட்டும் ஏழு தடவை பார்த்திருந்தார்.

மர்ளியாவும் பக்கத்துக் கதிரையில் ப்ளேன்டீயோடு ஆஜராவாள்.

"தண்ணி அள்ளுறதும் ஜெசிக்கா. விறகு சுமக்கிறதும் ஜெசிக்கா. அப்ப தாடிக்காரர் என்ன செய்றாரு?"

"அவரு கெமரா புடிக்கிறாரு புள்ள."

"ஓம், ஒங்களப் போலதான். நான் கருவாடு கழுவ, நீங்க விலை சொன்னீங்க." பிறகு போனைக் கிட்ட இழுத்துப் பார்ப்பாள். "அல்லாவே, வாளியத் தூக்கிற விதத்தப் பாருங்க. இப்பிடி வளைஞ்சா இடுப்பு நாரி போயிரும். நம்மட முகாமுல ஒரு கிழமை விட்டா இவளப் பழக்கி எடுத்திருவன்."

மாம்புரியில் அவர்களுக்கு அரை ஏக்கர் காணி இருந்தது. ஒரு கிணறு, பன்னிரண்டு தென்னை. அதை ஃபஸ்லான் கேட்டு வந்தான், இன்னும் நாலு குடில் போட. யோசித்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. மர்ளியாவுக்கு விற்றுவிட வேண்டும். கழுதை மேய்வதைத் தவிர அந்தக் காணியால் யாருக்கும் பிரயோசனமில்லை என்பது அவள் கட்சி. நூஹுவுக்கோ அதில் ஒரு கிடுகு வீடு கட்டி, ஜெசிக்கா குடும்பம் மாதிரிக் கரண்ட் இல்லாமல் போய் இருந்துவிட வேண்டும். அந்தக் காணி கையை விட்டுப் போனால் மிச்சமுள்ள ஆயுள் முழுக்கப் போனும் கதிரையுமாகக் கழிந்துவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பயத்தைக் காட்டினால் விலை இறங்கும் என்று பழகியவர்.

"நாப்பது நாள் இருந்து பாப்பம்," என்றார்.

"நாப்பது நாளா? நான் என்ன மார்க்கம் சொல்ல ஜமாஅத்துல ஊரூராப் போறனா?"

"சரி, இருபது."

"ஒரு ராவு."

"பத்து. தண்ணி நான் அள்ளுறன்."

"மூணு. சோறும் நீங்கதான்."

"அஞ்சு. சோறு நான், மீன் கழுவுறது நீ."

மர்ளியா யோசித்தாள். "சரி, அஞ்சு. அஞ்சு ராவும் தாக்குப்பிடிச்சா காணி ஒங்களுக்கு. நடுவுல எழும்பி வந்திட்டா ஃபஸ்லானுக்கு. பேச்சு மாறப்படாது."

இரண்டாம் நாளே எழும்பி வர அவளுக்கு எல்லா வசதியும் உள்ள ஒப்பந்தம் இது. தராசு முழுக்க அவள் கையில். ஆனாலும் நூஹு சம்மதித்தார். கல்யாணம் முடித்த இத்தனை வருஷத்தில் மர்ளியா நிறையில் கை வைத்ததை அவர் கண்டதில்லை.

முகடு ஏற மட்டும் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அவரே பத்து நாளில் கட்டினார். தாடிக்காரர் வீடு கட்டும் வீடியோவைப் பார்த்துச் செய்வதாகத்தான் போனைக் கொண்டுபோனார். முதல் கம்பு நட்டதும் கை தன்பாட்டில் ஓடியது. போன் பைக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பாய், சட்டி, வாளி, அரிக்கன் லாம்பு எல்லாவற்றையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார்கள். கரண்ட் இல்லாத அந்த வீட்டுக்குப் பின்னால், ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் காற்றாடிகள் ஆறுதலாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மர்ளியா வாசலில் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"பன்னெண்டுக்குப் பத்து," என்றாள்.

"என்னது?"

"அடி. நீளம் பன்னெண்டு, அகலம் பத்து. அடுப்பு கதவுக்குப் பின்னால. உடுப்புக் கயிறு மூலைக்கு மூல. இது தாடிக்காரர்ட வீடில்ல."

"கிடுகுல கட்டினா எல்லாம் ஒண்டு போலதான் புள்ள."

அவள் உள்ளே போனாள். ரோட்டுப் பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் குனிந்தாள். ஆள் குந்தியிருந்தால் கண் மட்டத்துக்கு வரும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. கிழிசல் இல்லை. ஓலையை மடித்து, விளிம்பைத் தும்புக் கயிற்றால் அழகாகக் கட்டியிருந்தது.

"இது என்னத்துக்கு?"

"காத்து வர."

"காத்து கடல் பக்கத்தால வரும். இது ரோட்டுப் பக்கம்."

நூஹுவும் குனிந்து பார்த்தார். அந்த விளிம்பைச் செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம் செலவழித்துக் கட்டியவர் அவர்தான். என்னத்துக்கு என்று கை அறிந்திருந்தது, அவர் அறிந்திருக்கவில்லை.

"பவுசர் பாக்கிற ஓட்டை," என்றாள் மர்ளியா.

முகாமில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்கு நேரம் காலம் கிடையாது. ரோட்டில் புழுதி கிளம்பினால் வாளியோடு ஓட வேண்டும். முந்தியவளுக்குத் தண்ணீர், பிந்தியவளுக்கு அடிச்சேறு. அதனால் அந்த வரிசையில் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் நின்ற எல்லாக் குடிசையிலும் ரோட்டைப் பார்த்து இப்படி ஓர் ஓட்டை இருந்தது. இங்கே பத்து எட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு. மனுஷன் பவுசருக்குக் காவல் வைத்துக் கட்டியிருக்கிறார்.

மர்ளியா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் பாயில் இருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பதினொரு வருஷம் இதுக்குள்ளால ரோட்டப் பாத்தன். இதுல இருந்து எழும்பிப் போகத்தான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேட்டன். நீங்க திரும்பக் கட்டி வச்சிரிக்கீங்க."

புழுப்பிடித்த பாரைக் கருவாட்டையும் பாராட்டி விற்கத் தெரிந்த நூஹு, அன்றைக்குப் பூசி மெழுகாமல் உள்ளதைச் சொன்னார்.

"அந்த முதல் எட்டு மாசம் என்னட்ட விக்கிறதுக்கு ஒண்டும் இரிக்கல்ல. கடை மன்னாரோட போச்சு. காலையில எழும்பினா எங்க போறெண்டு தெரியாது. நீ ஓட்டைக்கிட்ட இருப்பாய், நான் பக்கத்துல. பவுசர் வருமட்டும் கதைப்பம். கல்யாணம் முடிச்சு ஒன்ட கொரல நான் சரியாக் கேட்டதே அப்பதான். பொறகு யாவாரத்துல ஏறிட்டன்."

"முப்பத்திமூணு வருஷம்," என்றாள் மர்ளியா. கணக்கு அவளிடம் தயாராக இருந்தது. "அப்ப அதச் சொல்லியிரிக்கலாமே. என்னத்துக்கு இவ்வளவு கிடுகு? வீட்டுக் கதிரையில இருந்தே கதைச்சிரிக்கலாம்."

"கதிரையில இருந்தா ரெண்டு பேரும் ஜெசிக்காவத்தானே பாக்கிறம்."

அந்தப் பனி வீடியோவை அவர் ஏழு தடவை பார்த்தது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலிருந்தது.

"அஞ்சு ராவு ஏலாது," என்றாள் கடைசியில். "மண்ணுல படுக்க என்ட நாரிக்கு வயசில்ல."

நூஹு தலை குனிந்தார். போனைத் தேடிப் பைக்குள் கை போனது, ஃபஸ்லானுக்குச் சொல்ல.

"அத வைங்க உள்ளுக்கு. ஃபஸ்லானுக்கும் இல்ல. இஞ்ச நான் சொல்றதக் கேளுங்க. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதிட்டு வருவம், பொழுதுபட மஃரிபுக்கு வீட்ட போயிருவம். போன் வீட்டுல இரிக்கோணும். ஜெசிக்கா ராவு இஷாவுக்குப் பொறகு. இஞ்ச வந்தா நீங்க கதைக்கோணும், நான் கேட்டாப் பதில் சொல்லோணும். முப்பத்திமூணு வருஷத்துக் கதை எனக்குப் பாக்கி. இதுல விலை பேசப்படாது."

நூஹு தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்கே எடுத்தார்.

ஓட்டையை மூட ஓலைத் துண்டோடு போனவரை மர்ளியா தடுத்தாள். அதன் பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே முகாம் முழுக்க நனைந்தபடி பவுசருக்கு வரிசையில் நின்ற நாளைச் சொன்னாள். மழைத் தண்ணீரையே பிடிக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "மழ வந்து ஒங்கட வாளி பாதி நிறைஞ்சும், இன்னும் பவுசரக் காணலியே எண்டு ஏசினீங்களே!" நூஹு அது தானில்லை என்று மறுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். பிறகு கதை எப்படியோ மன்னாருக்குப் போய், அங்கிருந்து அறுக்குளாக் கருவாட்டின் இப்போதைய விலைக்கு வந்து சேர்ந்தது.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டே மர்ளியா கணக்கு முடித்தாள். இன்றைக்குக் கதைத்தது ஒன்றரை மணித்தியாலம். அதில் கருவாட்டு விலைக்குப் போன அரை மணித்தியாலம் செல்லாது. வரவு ஒரு மணித்தியாலம். பாக்கி, முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒரு மணித்தியாலம் குறைவு.