காலடியில் போட்ட முக்காடு

எங்கள் மாவட்டத்தில் காவல்துறை என்றதும் சட்டம், நீதி என்று நினைத்துவிடாதீர்கள். காபூலில் எவன் கை ஓங்குகிறதோ, அவனுடைய ஆள்தான் இங்கே தளபதி. பழைய தளபதி போனதும் அவர் ஆட்களில் பெரும்பாலோரை மலைமேல் இருந்த சாவடிக்குத் தள்ளினார்கள். நான் புதியவரின் குலம். அதனால் அலுவலகத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டு சுகமாக இருந்தேன்.

அந்தச் சாவடியைத் தாலிபான்கள் சுற்றி வளைத்தார்கள். தண்ணீர் இல்லை, தோட்டா தீர்கிறது என்று அங்கிருந்த காவலன் ஹெக்மத் வயர்லெஸ்ஸில் கெஞ்சினான். அனுப்ப வண்டி இல்லை என்றார் தளபதி. முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன, வெட்கக்கேடு.

மறுநாள் ஹெக்மத்தின் தாய் தோர்பெகை வந்தாள். விதவை. அவளுடைய இளைய மகன் ஸாஹிரும் பழைய தளபதி சேர்த்த காவலன்தான். எங்கள் சமையற்கட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். வந்தவள் முக்காட்டை எடுத்துத் தளபதியின் காலடியில் போட்டாள். எங்கள் பஷ்தூன் இனத்தில் ஒரு பெண் இப்படி முக்காட்டைப் போட்டு வேண்டினால், அதைத் தாண்டிப் போகிறவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. தளபதியின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து எடுத்து அவள் தலையில் போர்த்தினார்.

“போம்மா. இன்னைக்கே ஆள் அனுப்புறேன்.”

அவரை வாயார வாழ்த்திவிட்டுப் போனாள். எனக்கும் கண் கலங்கியது. பரவாயில்லை, இவரும் மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். தளபதி ஜன்னலைத் தட்டினார்.

“நீ இறங்குப்பா. அவங்க ஆளுங்களே போகட்டும்.”

பழையவரின் ஆட்களில் மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஸாஹிர் மட்டும்தான். மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான். அண்ணனைக் கூட்டிவரப் போகிறோம் என்று அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

பாதை முழுக்கக் கண்ணிவெடி என்று எல்லாருக்கும் தெரியும். வெடித்த சத்தம் கடைத்தெரு வரை கேட்டது. சாயங்காலம் சாவடியும் விழுந்தது. கொடுத்த வாக்கையும் காப்பாற்றியாயிற்று, வேண்டாத ஆட்களும் ஒழிந்தார்கள். பாவி!

விடிந்ததும் தோர்பெகை வாசலில் வந்து உட்கார்ந்தாள். மூத்தவன் செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. தளபதி பின்பக்கமாக நழுவிவிட்டார். வேறு யாரும் அவளிடம் போகத் துணியவில்லை. நான் போனேன். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

“தளபதிய நான் குறை சொல்ல மாட்டேன்ப்பா. சொன்னபடி ஆள் அனுப்பினாரு. என் தலையெழுத்து, நேரத்துக்குப் போய்ச் சேரல. சின்னவன கொஞ்சம் கூப்பிடு. அவனையாச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”