செவலையைத் தேடிப் போகிறவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சி. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு விடியற்காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரி தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். டீக்கடை ஓரமாக சர்வீஸ் ரோட்டில் நின்றேன். அப்போது எதிரே ஒரு வரிசை வந்தது. ஆம்பளைகள்தான் அதிகம், ரெண்டு மூணு பொம்பளைகளும் இருந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, தலையைக் குனிந்தபடி நடந்து வந்தார்கள். எல்லார் தோளிலும் மாட்டுக் கயிறு. மாடு ஒன்றுகூட இல்லை.

டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மாடு தேடப் போறாங்கம்மா."

"இத்தனை பேரா?"

"தினமும் போறாங்க" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "இன்னும் கெடைக்கல."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன், அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

(ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நல்ல மனசுக்காரர் யாராவது மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அதனால் என்ன கேடு வரும் என்பது போகப் போகத் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "சூளகிரி மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல எட்டிப் பார்க்கும் இனிய..." வேண்டாம். சூரியன் எட்டிப் பார்த்தது போதும்.

இரண்டாவது: "நம் மக்களிடையே உடல்நலம் குறித்த விழிப்புணர்வு போதாத காரணத்தால்..." ஐயோ சாமி. இது கதையா, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸா? விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். என் கதாநாயகர் முனிவேலுக்கு விழிப்புணர்வில் என்ன குறைச்சல்? அவருக்கு எல்லாம் தெரியும்.

மூன்றாவது: "இடது கால் செருப்பு வழியில் கழன்று விழுந்தது முனிவேலுக்குத் தெரியவில்லை."

ஆ. இது இருக்கட்டும்.

பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை அவர் சம்சாரம் நாகம்மாதான் வாசலில் நிறுத்தினாள். "இன்னொரு செருப்பு எங்க?" முனிவேல் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வலியே இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் மாதேஸ்வரனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் செருப்பு விழுந்தது தெரியவில்லை. அப்புறம் புண். அப்புறம் விரல். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

3

"நடங்க" என்றார் சுகாதார நிலையத்து நர்ஸ் சத்யப்ரியா. "மாத்திரையை விடாதீங்க. தினமும் காலையில முக்கால் மணி நேரம் நடங்க. வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. சக்கரை கட்டுக்குள்ள வந்தா காலு நிக்கும்."

அவ்வளவுதான். மருந்து வீடு தேடி வருகிறது, ஊசிகூட வேண்டாம் என்கிறார்கள், நடந்தால் போதுமாம். ஆனால் அந்த ஊரில் இதைவிடக் கஷ்டமான வைத்தியம் கிடையாது.

ஏனென்று சொல்கிறேன். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. "எங்க கெளம்பிட்ட?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும். தோட்டத்துக்கு, பால் சொசைட்டிக்கு, சந்தைக்கு என்று ஒரு காலத்தில் முனிவேலிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை. இப்போது தக்காளித் தோட்டம் இருந்த இடத்தில் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். பூமி போனதும் மாடுகளையும் ராயக்கோட்டை ஆளுக்கு விற்றாயிற்று.

"உக்காந்து திங்கிறவனுக்குத்தான் சக்கரை வரும்" என்பது ஊர்ப் பேச்சு. இதை ஒரு காலத்தில் டீக்கடையில் உரக்கச் சொன்னதே நம்ம முனிவேல்தான். இப்போது நடந்தால் சக்கரை என்று தெரிந்துவிடும். சக்கரை என்று தெரிந்தால், பூமியை வித்துட்டுக் குந்தித் தின்னான் என்று பேர் வந்துவிடும். அந்தப் பேர் வருவதைவிடக் கால் போனாலும் போகட்டும் என்று அவர் நினைத்தார்.

மேல்வீட்டில் குடியிருக்கும் ஜெகதீஷ் தினமும் அரை டிரவுசரோடு ஓடுகிறான். தூத்துக்குடிப் பையன், கம்பெனியில் சூப்பர்வைசர். அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெளியூர்க்காரன் ஓடினால் உடற்பயிற்சி, உள்ளூர்க்காரன் நடந்தால் கிறுக்கு.

(இந்த இடத்தில் எனக்கு முனிவேல்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷன் ஊர் வாய்க்குப் பயந்து காலைக் கொடுப்பானா? நம்புகிற மாதிரி இல்லையே? அப்புறம் என் கதை ஞாபகம் வந்தது. என்னையும் டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். ஓசூரில் எங்கள் நகரில் நான் தினமும் காலையில் காலிக் காய்கறிப் பையோடுதான் கிளம்புகிறேன். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. சந்தேகம் தீர்ந்தது, மேலே போகலாம்.)

4

முதல் நாள் வெறுங்கையோடு இறங்கினார். எதிர்வீட்டுத் திம்மராயன் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். தெலுங்குக் குடும்பம். ஒரே வாய்க்காலில் ரெண்டு பேரும் தண்ணீர் பாய்ச்சிய காலத்துப் பழக்கம்.

"ஏமப்பா முனிவேலு, எங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

அந்த ஒரு 'சும்மாவா' போதும். முனிவேல் கோயில் முக்குவரைக்கும் போய்த் திரும்பி வந்து, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார்.

நாகம்மா கத்தவில்லை. காலிக் கொட்டகைக்குள் போனாள். ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து வந்து அவர் மேல் போட்டாள்.

"நாளைக்கு இதைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போய்யா. எவனாவது கேட்டா மாடு காணோம்னு சொல்லு."

"எந்த மாடு? எல்லாத்தையும்தான் வித்துட்டமே."

"அதை அப்பறம் பாத்துக்கலாம். எங்கண்ணனுக்கு நான் ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துட்டன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

5

மறுநாள்.

"ஏமப்பா, கயிறோட எங்க?"

"மாடு ஒண்ணு காணோம்."

"எந்த மாடு?"

"செவலை. நெத்தியில வெள்ளை." இதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், வாய் தானாகப் போயிற்று. "சினை வேற."

இங்கே கதை முறிந்தது.

நீங்களும் கவனித்திருப்பீர்கள். கிராமத்தில் யார் வீட்டில் எத்தனை மாடு என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முனிவேல் மாடுகளை வண்டியில் ஏற்றியபோது கயிற்றைப் பிடித்துக் கொடுத்ததே திம்மராயன்தான். அவர் எப்படி நம்புவார்? முனிவேல் புதிதாக வாங்கிய மாடு என்று எழுதிப் பார்த்தேன். புதுமாடு வந்தால் முதல் ஆளாகப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரும் திம்மராயன்தான். "திம்மராயனுக்குக் கொஞ்ச நாளாக மறதி" என்று எழுதி, சீ என்று அடித்தேன். கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

ஒரு நாள் காலை நான் காலிப் பையோடு கேட்டைச் சாத்தும்போது பக்கத்து வீட்டு சுஜாதா வெளியே வந்தாள். "காய் வாங்கவாக்கா? இருங்க, நானும் வரேன்." அவள் கையிலும் ஒரு பை. கடை திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒன்றும் பேசாமல் நகரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் நேராக மேஜைக்குப் போனேன். கதையில் நான் ஓட்டை என்று நினைத்தது ஓட்டையே அல்ல, வாசல்.

திம்மராயன் நம்பவில்லை. ஒரு நொடிகூட நம்பவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு முனிவேலை ஏற இறங்கப் பார்த்தார். கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். "சினை மாடா? அடப் பாவமே! தனியா எங்கனு போய்த் தேடுவ? இரு, நானும் வரேன்" என்று உள்ளே போனார். வரும்போது அவர் தோளிலும் ஒரு கயிறு இருந்தது.

திம்மராயன் கொட்டகையும் போன வருஷத்திலிருந்து காலி. அவர் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத் தின்பது அவர் சம்சாரத்துக்கு மட்டுமே தெரியும்.

6

மழை வந்தது, போனது. வரிசை நீண்டது. கரியப்பன் சேர்ந்தார். சாந்தம்மா, "சினை மாடு கெடைச்சா தண்ணி காட்ட வேணாமா?" என்று கையில் வாளியோடு சேர்ந்தாள். சர்வீஸ் ரோட்டில் கம்பெனிச் சுவரை ஒட்டிப் போய், ஏரிக்கரை ஏறி, பூப்பண்ணை வழியாகத் திரும்புவார்கள். யாரும் யாரிடமும் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. பேச்செல்லாம் செவலையைப் பற்றித்தான்.

"நேத்து ஏரிக்கரையில சாணி பார்த்தன். புதுசு."

"நம்ம செவலை அவ்ளோ தூரம் போகாதுப்பா. பயந்த மாடு."

"தேன்கனிக்கோட்டைப் பக்கம் போயிருந்தா? அங்க ஆனை நடமாட்டம் கீதே."

"ஏ, வாயைக் கழுவு!"

(இப்படி இல்லாத மாட்டுக்கு நிஜமாகவே கவலைப்படும் மனிதர்கள் உண்டா என்று கேட்பீர்கள். இல்லாத முனிவேலின் காலுக்காக நீங்கள் இப்போது கவலைப்படவில்லையா?)

நர்ஸ் சத்யப்ரியா முனிவேலின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன செய்யறீங்களோ அதையே செய்யுங்க" என்றார். விரல் புண் ஆறிவிட்டது. நாகம்மா தினமும் அவர் பாதத்தை மடியில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் பாதத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போவாள்.

7

நல்ல மனசுக்காரர் யாராவது வந்துவிடுவார் என்று முதலிலேயே பயந்தேன் அல்லவா? வந்துவிட்டான்.

"அண்ணாச்சி! ஒங்க மாடு கெடச்சிட்டு!"

பூப்பண்ணைத் திருப்பத்தில் ஜெகதீஷ் நிற்கிறான். ஓடி வந்த மூச்சு இரைக்கிறது. கையில் கயிறு, கயிற்றில் மாடு. செவலை நிறம். நெற்றியில் வெள்ளை. வயிறு நிறைந்த சினை. "கம்பெனி குரூப்புல எல்லாத்துக்கும் மெசேஜ் போட்டேன். ஒரு ஆளு போட்டோ அனுப்பிட்டான். தனியாத் திரிஞ்சிக்கிட்டு கெடந்துது."

வரிசை அப்படியே நின்றது. மாடு கிடைத்துவிட்டால் நாளைக்கு எதற்குக் கிளம்புவது? கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு முடிவு: முனிவேல் மாட்டை வாங்கிக்கொள்கிறார். ஊரே சந்தோஷப்படுகிறது. மறுநாள் காலையில் எல்லாரும் அவரவர் வீட்டில். கொஞ்ச நாளில் செருப்பு... (இதற்கு மேல் என் கை ஓடவில்லை.)

இன்னொரு முடிவு: "எனக்குச் சக்கரைப்பா!" என்று முனிவேல் போட்டு உடைக்கிறார். "எனக்கும்! எனக்கும்!" என்று ஒவ்வொருவராக... இப்படி முடித்தால் கைதட்டல் கிடைக்கும், பரிசுகூடக் கொடுப்பார்கள். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாமலே இத்தனை நாள் ஒருவரையொருவர் காப்பாற்றியவர்கள் அவர்கள். அதை வெளியே இழுத்துப் போட நான் யார்?

சரி, நடந்ததை எழுதுகிறேன்.

முனிவேலுக்கு நாக்கு எழவில்லை. திம்மராயன் முன்னால் வந்து மாட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். நெற்றியைத் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"மன ஆவு காது, தம்பி" என்றார். பையனுக்குத் தெலுங்கு புரியாது என்பது நினைவுக்கு வந்து, "நம்ம மாடு இல்ல இது" என்று சொன்னார்.

முனிவேல் அவரை நிமிர்ந்து பார்த்தார். நம்ம மாடாமே!

"நம்மளதுக்குக் கொம்பு சாஞ்சிருக்கும்" என்றார் கரியப்பன்.

"வாலு இன்னும் நீட்டம்" என்றாள் சாந்தம்மா.

ஜெகதீஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என்ன புரிந்ததோ, தலையைச் சொறிந்தான். "அப்ப இது யார் மாடு?"

முனிவேலுக்குக் குரல் வந்துவிட்டது. "அதான் தெரியல. பாவம், எவன் தேடி அலையறானோ. வாங்க, ஆளைத் தேடுவோம்."

மறுபடி நடந்தார்கள். முனிவேல் கையில் மாடு. ஜெகதீஷும் ஓட்டத்தை விட்டுவிட்டு வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டான்.

கம்பெனிச் சுவரோரம் முனிவேலின் இடது செருப்பு கழன்றது. அவருக்குத் தெரியவில்லை. அடுத்த அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அதை எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்தது.

"செருப்பு" என்றார் திம்மராயன்.

காலை நுழைத்துவிட்டு முனிவேல் திரும்பிப் பார்த்தார். திம்மராயனின் கண் அவர் குதிகால்மேல் இருந்தது. கரியப்பனின் கண் திம்மராயன் குதிகால்மேல். சாந்தம்மாவின் கண் கரியப்பன் குதிகால்மேல். வரிசை முழுக்க அப்படித்தான். லாரிக்குப் பயந்துதான் ஒருவர் பின்னால் ஒருவராகப் போகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்போது ஆரம்பித்ததென்றும் தெரியவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டை இழுத்தார்.

(அன்றைக்கு சர்வீஸ் ரோட்டில் எல்லார் தலையும் குனிந்திருந்ததைச் சொன்னேன் அல்லவா? மாட்டுத் தடம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன் நான்.)

8

மாட்டுக்காரன் கிடைத்தானா என்று எழுத மாட்டேன். கிடைத்துவிட்டால் நடை நின்றுபோகும்.

இல்லாத ஒரு மாட்டுக்காக நீங்களும் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இல்லை என்று தெரிந்தேதான் வந்தீர்கள். அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். நாளைக்குக் காலையில் உங்கள் தெருவில் யாரோ ஒருவர் கையில் எதையாவது வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் போவார். எங்கே என்று கேட்பீர்கள். ஏதோ தொலைந்துவிட்டது, தேடப் போகிறேன் என்பார். அப்படி ஒரு பொருளே அவரிடம் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. கீழே இடம் விட்டிருக்கிறேன்.