யாருக்கும் வேண்டாத நாற்காலி

மற்ற ஊர்களில் நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். எங்கள் நவுருவில் அந்த வருஷம் நாற்காலியைக் கண்டு ஓடினார்கள். தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகியும் சபாநாயகர் கிடையாது. சபையில் மொத்தம் பதினெட்டுப் பேர். இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது. சபாநாயகருக்கு ஓட்டு இல்லை என்பதால், எவன் போய் உட்காருகிறானோ அவன் பக்கம் எட்டாகிவிடும், ஆட்சி எதிராளி கைக்குப் போய்விடும். சபாநாயகர் இல்லாமல் சபை நடக்காது. சபை நடக்காமல் ஜனாதிபதியும் இல்லை, செலவு மசோதாவும் இல்லை.

தினமும் பதினொரு மணிக்குச் சபைச் செயலர் எழுந்து பெயர் கேட்பார். இந்தப் பக்கத்தில் ஒருவன், அந்தப் பக்கத்து ஆள் ஒருவனின் பெயரை முறை வைத்துச் சொல்வான். அவன் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டு உட்காருவான். பிறகு அவர்கள் இவர்களில் ஒருவனைச் சொல்வார்கள், இவனும் அதையே சொல்வான். பத்து நிமிஷத்தில் கடை கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இந்த லட்சணத்துக்கு ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு வேறு.

எனக்கு எதற்கு இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். என் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்தால்தான் நான் உயிரோடு இருப்பேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். அந்த இயந்திரத்துக்கான வடிகட்டி விமானத்தில்தான் வர வேண்டும். ஜூன் முப்பதோடு பழைய வருஷத்துச் செலவு அனுமதி முடிகிறது. அதற்குள் மசோதா நிறைவேறாவிட்டால் கருவூலத்திலிருந்து ஒரு டாலர் எடுக்க முடியாது, வடிகட்டி வாங்க யாரும் கையெழுத்துப் போடவும் முடியாது. நர்ஸ் என் மனைவி நெரிடாவைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். மாதம் முடியும்போது ஆளுக்கு இரண்டு தடவைக்குத்தான் மிஞ்சும். ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

அந்தப் பதினெட்டில் ஒருவன் ஜெசோப், நெரிடாவின் தம்பி. போன ஜனாதிபதியின் பக்கம், அதாவது தலைவர் பக்கம். அவனை நான் திட்டாத திட்டு இல்லை. நெரிடா திட்டவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

எங்களிடம் புபுத்சி என்று ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் முகத்துக்கு நேரே வந்து நின்று, "இதை எனக்குக் கொடு" என்று கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. சட்டையோ சைக்கிளோ, கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்னுடைய நல்ல படகு மோட்டார் அப்படித்தான் ஒரு சித்தப்பன் வீட்டுக்குப் போனது, இன்றைக்கும் வயிறு எரிகிறது. கொடுத்தவன் பின்னால் ஒருநாள் வந்து திருப்பி ஒன்று கேட்கலாம். முதலில் வாங்கியவர் அதை மறுக்க முடியாது. சபை விஷயத்தில் மட்டும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதியும் வைக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நெரிடாவுக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றியிருக்கும் என்று ஜெசோப்புக்கும் தோன்றிவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா.

அவன் ஒளிய ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் ஊறிய மீனுக்கு எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததே இல்லை, வரவில்லை. போனை அணைத்துவிட்டான். தீவைச் சுற்றி இருப்பது ஒரே ரோடு. எங்கள் வண்டி எதிரே வருவதைப் பார்த்தால் திருப்பிக்கொண்டு மறுபக்கமாகச் சுற்றிப் போனான். அவன் வீட்டுக்கே நாங்கள் போனபோது தலைவரின் ஆட்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தங்கள் ஆளை இழுத்துவிடக் கூடாதாம்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி காலை. "இன்னைக்கு பத்து மணிக்கு விமானம். சீக்கிரம் கிளம்புங்க" என்றாள் நெரிடா. நமக்கு எந்த விமானமும் இல்லையே என்று முனகிக்கொண்டே ஏறினேன். ஓடுபாதைக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினாள். எதிரே சபைக் கட்டிடம் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விமானம் இறங்கும்போது ரோட்டை மறித்துத் தடுப்புக் கட்டையை இறக்குவார்கள். ஜனாதிபதியே ஆனாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

வானத்தில் விமானம் தெரிந்தது, கட்டை இறங்கியது. மூன்று கார்கள் வந்து நின்றன. முன்னாலும் பின்னாலும் தலைவரின் ஆட்கள், நடுவில் ஜெசோப் தனியாக. நெரிடா எங்கள் வண்டியை அவன் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தி இறங்கினாள். அவன் கண்ணாடியை ஏற்றினான். அவள் மோதிரத்தால் தட்டினாள், விடாமல் தட்டினாள். கடைசியில் கண்ணாடி பாதி இறங்கியது.

"அக்கா, கேக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும், கேக்காத. நீ கேட்டா நான் குடுத்துருவேன். அப்புறம் அந்த எட்டுப் பேர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எனக்கு இருக்கறது ஒரே புருஷன்டா."

விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு வந்து தரையைத் தொட்டது. அந்தச் சத்தத்தில் அவள் குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். உதடு அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பின்கார்க்காரன் இறங்கி ஓடி வருவதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். கட்டை ஏறியது. கார்கள் போயின.

"கேட்டுட்டியா?" என்றேன்.

"கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷன் பிழைப்பதற்காக இன்னொருவனை இப்படியா மடக்குவது? ஆனால் பிழைக்கும் ஆசை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதை ஒளிப்பானேன்.

பதினொரு மணிக்கு என் கையில் ஊசி ஏறியிருந்தது. வார்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கை பெர்னார்ட் தலைவருக்காக உயிரையே கொடுப்பவன். நம் பக்கம் அசையாது, அவர்களே இறங்கி வருவார்கள் என்று நர்ஸிடம் அளந்துகொண்டிருந்தான். செயலர் பெயர் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, வழக்கம்போல எதிராளி பெயர் ஒன்றைச் சொன்னார். அன்றைக்கு அது ஜெசோப்பின் முறை என்று எல்லாருக்கும் தெரியும்.

உறுப்பினருக்குச் சம்மதமா என்று செயலர் கேட்டார். யாரோ இருமினார்கள். நெரிடா என் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். செயலர் மறுபடி கேட்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சம்மதம்" என்றான் ஜெசோப்.

ரேடியோ முழுக்க ஒரே கூச்சல். "அடப்பாவி, வித்துட்டானே" என்று பெர்னார்ட் தலையணையை அறைந்தான். நெரிடா அழவில்லை. ஆனால் உட்கார நாற்காலி தேடினாள். ஒரு மணிக்குள் எட்டுக்கு ஒன்பதில் அந்தப் பக்கத்து ஆள் ஜனாதிபதியாகிவிட்டார். மறுநாள் செலவு மசோதா என்று அறிவித்தார்கள்.

எனக்கு இயந்திரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெசோப் வந்தான். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. என் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டான். நான் கண்ணை மூடியிருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்திருப்பான்.

"அக்கா, நான் திருப்பிக் கேக்க வந்திருக்கேன்" என்றான் மெல்ல.

"இப்பவேவா?"

"இப்பவே. நீ என்கிட்ட கேட்டேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. எப்பவும்."

"ஊரே உன்னக் காறித் துப்பும்டா."

"துப்பட்டும். அக்கா கேட்டா ஆட்சியே கவிழும்னு தெரிஞ்சா, நாளைக்குப் பதினெட்டுப் பேர் வாசல்லயும் அக்கா தங்கச்சிங்க வரிசையில நிப்பாங்க. ஒருத்தி வேலை கேப்பா, ஒருத்தி நிலம் கேப்பா. அப்புறம் சபை எதுக்கு, ஓட்டு எதுக்கு? சபாநாயகர் காருக்கு ஆசப்பட்டுப் போயிட்டான்னு பேசிட்டுப் போகட்டும். கெடுறது என் பேரு ஒண்ணுதான்."

"வேற எதையாவது கேளு ஜெசோப். வீட்டக் கேளு, தரேன்."

"எனக்கு வீடு இருக்கு. இதத்தான் கேக்கறேன்."

அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும். அவன் போகும்போது என் காலைப் போர்வையோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் கேட்டது அவளிடம். என்னிடம் கேட்கவில்லை. அதனால்தான், அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் சபையில் இல்லாத இந்தக் காலத்தில் நான் வாயைத் திறக்கிறேன். அப்போது திறக்கவில்லை. திறக்கத் துடித்த நாள் ஒன்று உண்டு.

ஜூலை இரண்டாம் வாரம். வடிகட்டிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. பெர்னார்டின் ரத்தம் புது வடிகட்டி வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சபாநாயகருக்குத் தரும் வெள்ளைக் காரில் ஜெசோப் போவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டான். ஆரம்பித்துவிட்டான். துரோகி, பிச்சைக்காரன், சோற்றில் மண்ணைப் போட்டவன் என்று மூச்சு விடாமல் வைதான். மற்ற நாலு பேரும் அவரவர் படுக்கையில் படுத்தபடியே ஒத்து ஊதினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழாய் இழுபட, முழங்கையை ஊன்றி எழுந்தேன்.

"பெர்னார்ட், நீ இன்னைக்கு மூச்சு விடறதே..."

நெரிடா என் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். தம்பியை யாராவது ஒரு சொல் சொன்னால் வீடு தேடிப்போய்ச் சண்டை போடுகிறவள் அவள்.

பெர்னார்ட் அவள் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு நெரிடா. கூடப் பொறந்தவ நீ. அவன் எதுக்குப் போனான்?"

அவள் அவனுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"காருக்குத்தான்" என்றாள்.