காசில் இல்லாத பெயர்

விற்க வந்தவனின் சாமானை முதலில் குறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் கடைத்தெருப் பழக்கம். யட்டியாந்தோட்டை பஸாரில் எங்கள் நகைக்கடையைத் தொடங்கிய வாப்பா, சுத்தத் தங்கத்தைக் காட்டினாலும் ஒரு தரம் இருமுவார். அந்த இருமலிலேயே விலை பாதி இறங்கிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை றப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்து, கண்ணாடி மேசையில் நீலப் பெட்டியொன்றைத் திறந்து வைத்தார். உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு காசு. ஒரு பக்கம் ஹெலிகொப்டர், மறுபக்கம் ஏதோ ஆப்பிரிக்க நாட்டின் படம், சுற்றிவர ஆங்கில எழுத்து. நானும் இருமினேன்.

"இதுல தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்ல அண்ணே. பித்தளை, மேல முலாம். எடைக்குப் போட்டா ஒரு பிளேன்டி குடிக்கவும் காணாது."

"விக்க வரலீங்க மொதலாளி. எங்க மகனோடதுங்க. பட்டாளத்துல குடுத்தாங்க."

அப்போதுதான் அவருடைய மழிக்காத தாடியைப் பார்த்தேன். விமானப்படையில் ஹெலிகொப்டர் மெக்கானிக்காக ஆப்பிரிக்காவுக்குப் போன சுதாகரன், காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் முடிந்துபோன செய்தி பஸார் முழுக்கத் தெரியும். அவனுடைய தகப்பன் முத்துவீரன் இவர்தான் என்று எனக்குத் தெரியாது. காசை இரண்டு கையாலும் எடுத்தேன்.

காசில் மகனின் பெயரைக் காட்டச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தேன். படையின் பெயர், நாட்டின் பெயர், இரண்டு வருடங்கள். அவ்வளவுதான்.

"போன எல்லாருக்கும் ஒரே அச்சு அண்ணே. தனித்தனியாப் பேர் போட மாட்டாங்க."

"மத்தவங்கல்லாம் கையில வாங்கிக்கிட்டாங்க. எங்க பய வாங்கலீங்களே."

சவப்பெட்டியைத் திறக்க விடவில்லையாம். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே புதைத்த அவர் மனைவி தங்கம்மா, இந்தக் காசைப் பிடித்துக்கொண்டு, இதிலாவது அவன் பெயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இங்கிலீசில் இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருமாதி. கொழும்பிலிருந்து சொந்தக்காரப் பெண், இங்கிலீஸ் டீச்சர் பிரேமலதா வருகிறாள். சொந்தபந்தத்துக்கு முன்னால் அவளை வாசிக்கச் சொல்லப்போகிறாள் தங்கம்மா. அதற்கு முன் பெயரை வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

பிள்ளைகளின் காப்பில் பெயர் வெட்டுவது எனக்குப் பழகிய வேலை. ஹெலிகொப்டரின் சக்கரத்துக்குக் கீழே நக அகலத்துக்கு இடமிருந்தது. உளி பட்ட இடமெல்லாம் முலாம் உரிந்து பித்தளை இளித்தது. இங்கிலீசில் பத்து எழுத்து, கடைசி மூன்றும் நெருக்கியடித்து நின்றன. பிறகு வெட்டியது என்று குருடனுக்கும் தெரியும். கூலி கொடுக்க மடியை அவிழ்த்தவரின் கையைத் தடுத்தேன்.

"பேரு எங்கேருந்து ஆரம்பிக்குதுங்க?"

அவருடைய பெருவிரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தை மூன்று தரம் அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

எதிரே பஸ் ஸ்டாண்டில் தங்கம்மா நின்றிருந்தாள். அவர் காசைக் கொடுத்து, அவளுடைய விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். எழுத்தெழுத்தாகத் தடவியவள், விரலைத் தூக்கிப் பார்த்தாள். பித்தளைத் தூள் வெயிலில் மினுங்கியது. தெருவுக்கு இந்தப் பக்கம், என் கடையைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

தோட்டத்து பஸ் வந்து, ஹோர்ன் அடித்து, புறப்பட்டுப் போனது. இருவரும் ஏறவில்லை. அவள் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தடவிக்கொண்டிருந்தாள்.