எட்டுப் பாகத்தில் இரண்டு பற்கள்

"பல்லுல கோளாறு இல்லைங்கேன். பல்லு நிக்கிற எலும்புதான் கரைஞ்சிட்டு வருது."

"எலும்பு கரையுமா டாக்டர்? உப்புத் தண்ணியிலயா?"

"உப்புத் தண்ணி என்ன பாவம் செஞ்சுது?"

பல் மருத்துவர் ஜெயஷீலா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரோச் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். தூத்துக்குடிக் கடலில் இருபத்திரண்டு வருடமாகச் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் கடலடியில் அவனுக்கு மூச்சு வரும். கை இரண்டும் சங்கு பொறுக்க வேண்டும் என்பதால் குழாயின் முனையை முன்பற்களால் கடித்துப் பிடித்திருப்பான்.

"இந்த எலும்பு பல்லு முளைக்க முளைக்க அதச் சுத்தி உருவாகுதது. பல்லு போச்சுன்னா இதுவும் கொஞ்சங்கொஞ்சமா போயிரும். வெளிய கெட்டித் தகடு, உள்ள கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். மூணுல ரெண்டு பங்கு சுண்ணாம்புச் சத்து. மிச்சம் நாரும் தண்ணியும்."

"சங்கு மாதிரின்னு சொல்லுங்க."

"சங்கு ஓடு கட்டினா கட்டினதுதான். இது தெனமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் கட்டும். உங்களுக்குக் கரையுதது மட்டுந்தான் நடக்கு. பாதி உயரம் போச்சு."

கீழ் முன்பற்கள் இரண்டு ஆறு மாதம் முன்பே ஆட ஆரம்பித்தன. ஆடுகிற கம்பை அடித்து இறுக்குவதுபோல, அழுத்திக் கடித்தால் இறுகிவிடும் என்று ரோச் நினைத்தான். பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டிக் குழாய் முனையில் சுற்றி, தடிமனாக்கி, இன்னும் பலமாகக் கடித்தான். ஈறு வலித்தால் புகையிலையை அடக்கிக்கொண்டான்.

அவன் அதைச் சொல்லக் கேட்டதும் ஜெயஷீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பல்லு எலும்போட ஒட்டி இல்ல ரோச். நடுவுல நாரு நாரா கட்டித் தொங்குது. ஏற்கெனவே ஈறுல சீழ். நீங்க தெனம் நாலு மணி நேரம் போட்டு ஆட்டுனா அந்த எலும்புதான் என்ன செய்யும்? ஒதுங்கிக் குடுத்துட்டுது. சுத்தம் பண்ணி, பல்லச் சேத்துக் கட்டுவோம். மூணு மாசம் குழாயக் கடிக்கவே கூடாது."

"சீசன்ல மூணு மாசமா?" என்று சிரிக்கப் பார்த்தான். நாக்கு தானாகப் போய் அந்தப் பற்களைத் தொட்டது. அவை நகர்ந்தன.

சங்கு குளிக்கிறவனின் கயிற்றையும் குழாயையும் மேலே பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொந்த அக்காளின் தாலியை அறுக்க யாருக்கும் மனம் வராது. ரோச்சுக்கு அவன் மனைவி மெட்டில்டாவின் தம்பி லிஸ்டன். விஷயம் தெரிந்தால் அவன் வள்ளத்தில் கால் வைக்க விடமாட்டான். ரோச் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, எட்டுப் பாக ஆழம்; ஏறக்குறைய ஐம்பது அடி. மணலில் சங்கு ஊர்ந்த தடம் தெளிவாகத் தெரிந்தும் அவன் கண் அதில் நிற்கவில்லை. உடம்பு முழுவதும் அந்த இரண்டு பற்களுக்குள் சுருங்கிப் போயிருந்தது. கடற்பஞ்சு, சுண்ணாம்பு, நார். அவ்வளவுதானா தன்னைப் பிடித்திருப்பது?

நீரோட்டம் குழாயை வெடுக்கென்று இழுத்தது. பற்கள் வெளியே சாய்ந்தன. வேர் நழுவுவதை அவனால் உணர முடிந்தது. அடுத்த கணம் வாயில் குழாய் இல்லை; முகத்தின் முன் குமிழிகள் மட்டும். கையை வீசினான். தண்ணீர். மறுபடி வீசினான். தண்ணீர். மூன்றாவது வீச்சில் ரப்பர் தட்டுப்பட்டது. அதை முஷ்டியால் வாய்க்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை விடாமல் சுண்டினான்.

லிஸ்டன் அவனை அள்ளி வள்ளத்தில் போட்டான்.

"என்ன மச்சான், எறங்கி பத்து நிமிசம் ஆகல. கீழ மாதாவக் கண்டு பயந்துட்டீங்களோ?"

ரோச் உதட்டைத் திறக்காமல் இல்லை என்று தலையை ஆட்டினான். காதைத் தொட்டுக் காட்டினான். ஊறிய ரத்தத்தை விழுங்கினான். நாக்குக்கடியில் கூழாங்கல் போல ஏதோ ஒன்று கிடந்தது.

"காதா?"

ஆமாம் என்று தலையசைத்தான். உதட்டோரம் கசிந்த சிவப்பைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். லிஸ்டனின் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. எழுந்து போய் கம்ப்ரசரை அணைத்தான். கடல் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. திரும்பி வந்து ரோச்சின் எதிரே குந்தினான்.

"எங்க அக்கா உங்கள நம்பி இல்ல, என்னைய நம்பித்தான் உங்களக் கடலுக்கு விடுதா. வாயத் தொறங்க மச்சான். ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."