தண்டவாளத்தின் குறுக்கே

வளைவைத் தாண்டியதும் அவள் தன் குட்டி ரயிலின் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். கடற்கரை ரோடும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் அண்ணனுடைய டயர் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு டிராக்டருக்குத் தகரப் புகைபோக்கி வைத்து, பச்சை பெயிண்ட் அடித்து, பின்னால் மூன்று பெட்டிகளைக் கோத்துவிட்டால் அது ரயிலாகிவிடுமா? ஆகிவிடும் என்றுதான் கடல் பார்க்க வருகிறவர்கள் நினைத்தார்கள். டிராக்டரும் முதல் இரண்டு பெட்டிகளும் அந்தப் பக்கம் போயிருந்தன. கடைசிப் பெட்டி மட்டும் சொல்லிவைத்தாற்போல் அவளுடைய தண்டவாளத்தின் மேல்.

அவள் ஹாரன் அடித்தாள். அண்ணன் திரும்பவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ இன்றைக்குத்தான் கடலை முதன்முதலாகக் கண்டவன் மாதிரி.

இன்றைக்கென்று பார்த்தா இந்த வீம்பு? அவளுக்குப் பின்னால், குழந்தைகளுக்காகச் செய்த குட்டிப் பெட்டியில், முழங்கால் தாடையில் இடிக்க நகராட்சி இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தங்கை சண்டையில் இந்த இடத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று புகார் மேல் புகார். இன்னொரு தடவை இப்படி நடந்தால், தப்பு அண்ணன்மேல் என்றால் அவர் வண்டியை இந்த ரோட்டில் விடமாட்டோம், தப்பு உங்கள்மேல் என்றால் குறுக்குப்பாதையை மூடிவிடுவோம், உங்கள் ரயில் இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும் என்று அவர் ஏறும்போதே சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கடைகளின் முதுகும், ஒரு நீள மதில்சுவரும். தண்டவாளம் கடலை ஒட்டிப் போவதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். சுவரைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?

அப்பா போனபின் பங்கு பிரித்தபோது டயர் வண்டி அண்ணனுக்கும் குட்டி ரயில் அவளுக்கும் வந்தது. நல்லது மற்றவருக்குப் போய்விட்டது என்று இருவருமே நினைத்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். அண்ணியோடு மட்டும் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வார்த்தை, அதுவும் அண்ணன் பார்க்காதபோது.

"கொஞ்சம் பின்னால எடுங்களேன்மா" என்றார் இன்ஜினியர்.

"பின்னால தள்ளினா வளைவுல பெட்டி தடம் இறங்கிடும் சார்."

"அப்ப அவரை நகரச் சொல்லுங்க."

அவள் ஹாரனை இன்னொரு தடவை அழுத்தினாள். இன்ஜினியரே கழுத்தை நீட்டிக் கத்தினார். "ஏம்ப்பா, வண்டியை எடுக்கப் போறியா இல்லையா?"

"எஞ்சின் சூடாயிருக்கு சார். ஆறினதும் எடுக்கறேன்."

"எப்ப ஆறும்?"

"ஆறும்போது."

டயர் வண்டியில் இருந்தவர்களே முணுமுணுத்தார்கள். திமிரைப் பாரு என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். அண்ணன் காதில் விழாமல் இருக்காது. ஆனாலும் அவன் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் இறங்கினாள். அந்தக் கடல் ஓரத்துத் தண்டவாளத்தில் காலையில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைக் குனிந்து குனிந்து வாரியவள் அவள். அதை யாருடைய வீம்புக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். கடைசிப் பெட்டியை ஒட்டி, டிக்கெட் பையை மாட்டியபடி அண்ணி நின்றிருந்தாள். அவள் நின்ற நிலையே சரியில்லை. காலை அகட்டி, எதையோ மறைப்பவள் மாதிரி நின்றாள்.

"நகருங்க அண்ணி. நான் அவர்கிட்ட பேசணும்."

"கீழ பாக்காத" என்றாள் அண்ணி, உதடு அசையாமல். "அந்த ஆளு இங்கதான் பாத்துட்டிருக்காரு."

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? பெட்டியின் சின்னச் சக்கரம், தண்டவாளத்துக்கும் தாருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் பாதி இறங்கி இறுகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் மணல் அடைத்தால் ரயில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும் என்பதால் தினமும் கொக்கிக் கம்பியால் சுரண்டுவாள். இன்ஜினியர் வருகிறார் என்று நேற்று கூடுதல் சிரத்தையாகச் சுரண்டியதில் தார் விளிம்பு ஒரு முழத்துக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மணலை அமுக்கி மூடி வைத்திருந்தாள்.

"டிராக்டர் அந்தப் பக்கம்தானே இருக்கு. ஒரு இழுப்பு இழுத்திருந்தா வந்திருக்குமே."

"வந்திருக்கும். உன் தண்டவாளமும் பேத்துக்கிட்டு கூடவே வந்திருக்கும். அதான் அணைச்சுட்டாரு. அந்த ஆளு போனப்புறம் எடுத்துக்கலாம்னாரு."

"எல்லாரும் அவரைத் திட்டறாங்க அண்ணி."

"திட்டட்டும். எங்களுக்கென்ன, ரோடு எங்க போனாலும் நாங்களும் போவோம். உன்னுது அப்படியா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதற்கு மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க இவன் யார்? இவன் கெட்டவனாகி, அதனால் என் ரயில் ஓடுவதா? அப்படி ஒன்றும் ஓட வேண்டாம். விறுவிறுவென்று திரும்பிப் போய் எஞ்சினுக்கு அடியில் இருந்த கடப்பாரையை உருவினாள்.

"சார், இறங்கி வாங்க. வண்டியை அவர் நிறுத்தலை. என் பள்ளம் புடிச்சு வெச்சிருக்கு."

அண்ணன் அப்போதுதான் திரும்பினான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது:

"உனக்கு வாயை மூடிட்டு இருக்கவே தெரியாதா?"

"தெரியாது. இறங்கி வா."

அவன் இறங்கி வந்தான். பயணிகளை இறக்கினார்கள். திமிர் என்று சொன்னவரும் பெட்டியில் ஒரு கை கொடுத்தார். அவள் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்ப, அண்ணன் தோளைக் கொடுத்துத் தூக்க, சக்கரம் முக்கி முனகி மேலே வந்தது. தண்டவாளம் அசையவில்லை. அண்ணன் டிராக்டரை எடுத்துப் பெட்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

இன்ஜினியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பள்ளத்தில் விரல்களை விட்டுப் பார்த்தார். கை முழுதாக உள்ளே போனது.

"இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா ஓட்டுவீங்க?"

"அடைச்சுட்டு ஓட்டுவேன் சார்."

"எப்ப?"

"இப்ப."

அண்ணன் ஒன்றும் கேட்காமல் தன் வண்டியின் கால் வைக்கும் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தான். அவள் ரயில் சக்கரத்தின் விளிம்புக்கு மட்டும் இடம் விட்டு அதைப் பள்ளத்தில் செருகினாள். கடப்பாரையின் தலையால் அடித்து இறக்கினாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றான் அண்ணன். எனக்குத் தெரியும் என்றாள் அவள். ஆனால் இடது பக்கம்தான் அடித்தாள். பலகை தாரோடு சமமானதும் அதன் மேல் ஏறி நின்று, குதித்துப் பார்த்தாள்.

"நான் இன்னும் முடிவு எதுவும் சொல்லலை" என்றார் இன்ஜினியர்.

"அந்தக் கோடி வரைக்கும் வந்து பாத்துட்டு சொல்லுங்க சார். ஏறுங்க."

அவர் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு ஏறினார். அதற்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள் சேர்ந்து, பொறுமையற்று மூக்கை நீட்டத் தொடங்கியிருந்தன. அவள் பிரேக்கைத் தளர்த்தினாள். எஞ்சின் ஊர்ந்து பலகையை ஒட்டிக் கடந்தது. மரம் ஒரு தடவை நறநறத்தது. அவள் மூச்சை விடாமல் அடுத்த பெட்டிக்காகக் காதைத் தீட்டினாள். அதுவும் தாண்டியது, அதற்கடுத்ததும். முகத்தில் கடல்காற்று அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நடுரோட்டில் அண்ணன் இரண்டு கைகளையும் அகல விரித்துக் கார்களை மறித்துக்கொண்டு நின்றிருந்தான். கடைசிப் பெட்டி எப்போதோ தாண்டிவிட்டது. கார்கள் ஹாரனை அலறவிட்டன. அவன் இன்னும் கையை இறக்கவில்லை.